பைபாஸ் நல்லபடியாக முடிந்தது, கிரியேட்டினின் ஏன் ஏறுகிறது?

சிறுநீரக மருத்துவர் பதில் சொல்கிறார்

சென்ற இதழில் கல்லடைப்பு பற்றி எழுதும்போது, போகிற போக்கில், ‘இதய அறுவை ஐ.சி.யு.விலிருந்து எனக்கு அழைப்பு வராத வாரமே கிடையாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கல்லடைப்பை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டு, பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளியின் ஃபைல் என் கையில் இல்லை. அதனால் எந்த மருந்தையும் இதைப் படித்துவிட்டு நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: டாக்டர் அம்மா, என் அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை நோய் உண்டு. மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு என்று பைபாஸ் செய்தார்கள். அதற்கு முன் கிரியேட்டினின் 1.1. மூன்றாம் நாள் 2.4. ‘ஹார்ட் சூப்பராக இருக்கிறது, கிட்னி மட்டும் கொஞ்சம் மந்தம்’ என்கிறார் சர்ஜன். நெஞ்சில் செய்த ஆபரேஷன் கிட்னியை எப்படித் தொட்டது? யாராவது தவறு செய்துவிட்டார்களா?

பதில்: முதலில் அந்த ‘கொஞ்சம் மந்தம்’. இந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் அது ஏறும். 1.1 இருந்தது 2.4 ஆனால் இரண்டு மடங்குக்கு மேல். கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக மருத்துவ அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மி.கி. கூடினாலோ, ஏழு நாட்களுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோ, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று பெயர். இரண்டு மடங்கைத் தாண்டினால் இரண்டாம் நிலை. உங்கள் அப்பா அங்கே நிற்கிறார். மூன்றாவது, கடைசி நிலை: மூன்று மடங்கு ஆவது, அல்லது 4.0-ஐத் தொடுவது, அல்லது டயாலிசிஸ் தேவைப்படுவது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சர்ஜனிடம் நீங்கள் ‘எந்த நிலை? சிறுநீர் மணிக்கு எவ்வளவு வருகிறது?’ என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் பேச்சு உருப்படியாகப் போகும்.

தவறு நடந்ததா என்கிறீர்கள். நூறு பேருக்கு இதய அறுவை செய்தால் இருபது முதல் முப்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது, உலகின் மிகச் சிறந்த மையங்களிலும். டயாலிசிஸ் வரை போவது நூறில் இரண்டு முதல் ஐந்து பேர். எனவே வந்தது என்பதை மட்டும் வைத்து யார் மீதும் பழி போட முடியாது. வந்தபின் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்பது நியாயம்.

எப்படித் தொட்டது என்பதுதான் நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம் இருக்கும், உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், அதற்குத்தான் போகிறது. இவ்வளவு செல்வாக்கான உறுப்புக்கு ரத்தப் பஞ்சம் எப்படி வரும் என்று தோன்றும். விஷயம் என்னவென்றால், அந்த ரத்தத்தில் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வெளிப் பட்டையோடு நின்றுவிடுகிறது; வடிகட்டும் வேலை அங்கே நடக்கிறது. உள்ளே மெடுல்லா என்ற பகுதி இருக்கிறது. வடிகட்டிய உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் கடினமான வேலை அங்குள்ள நுண்குழாய்களுக்கு. அந்த இடத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சாதாரண நாளிலேயே 10 முதல் 20 மி.மீ. பாதரசம்தான். வருகிற ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது ஏற்கெனவே உறிஞ்சிக்கொள்கிறது, கையிருப்பு என்று எதுவும் இல்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் அந்த இடம் விளிம்பில்தான் ஓடுகிறது.

இப்போது ஆபரேஷன் தியேட்டருக்கு வருவோம். இதயத்தை நிறுத்திவிட்டு, இதய-நுரையீரல் இயந்திரம் ரத்தத்தைச் சுற்றவிடுகிறது. இயந்திரத்தின் குழாய்களை நிரப்ப ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை திரவம் தேவை. அது ரத்தத்தோடு கலந்ததும் ரத்தம் நீர்த்துப்போகிறது, ஒவ்வொரு மில்லிலிட்டரும் சுமக்கும் ஆக்சிஜன் குறைகிறது. இதயம் துடித்துத் தள்ளுவதற்குப் பதில் சீரான ஒழுக்காக ரத்தம் ஓடுகிறது. இயந்திரத்தின் உருளைகளிலும், நெஞ்சுக்குள் சிந்தும் ரத்தத்தை உறிஞ்சும் குழாயிலும் சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. உடைந்த அணுவிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாய்களை விரித்து வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை விழுங்கிவிடும். சிறுநீரக நுண்குழாய்களுக்கு நேரடியாகவும் அது விஷம். செயற்கைக் குழாய்களின் சுவரில் ரத்தம் படும்போது உடம்பு முழுக்க ஓர் அழற்சி கிளம்புகிறது. மகாதமனியில் கிளாம்ப் போட்டு எடுக்கும்போது அங்கே படிந்திருக்கும் கொழுப்புத் துணுக்குகள் பெயர்ந்து, சில சமயம் நேராகச் சிறுநீரகத்துக்கே போய்ச் சிக்கும். கடைசியில், குளிர்வித்த உடலை மீண்டும் சூடாக்குவார்கள்; சூடு ஏற ஏற உறுப்புகளின் ஆக்சிஜன் தேவை ஏறுகிறது, நீர்த்த ரத்தம் அதற்கு ஈடுகொடுக்காது.

இயந்திரத்தை நிறுத்தியபின்னும் கதை முடிவதில்லை. மீண்டும் துடிக்கத் தொடங்கிய இதயம் கொஞ்ச நேரம் தள்ளாடும், ரத்த அழுத்தம் இறங்கும். இதுவரை சொன்னதெல்லாம் போகிற ரத்தம் குறைவதைப் பற்றி. பலரும் கவனிக்காதது, திரும்பி வருகிற பக்கம். வலப்புற இதயம் களைத்துப்போனாலோ, திரவம் அதிகம் ஏறிவிட்டாலோ, சிரைகளில் ரத்தம் தேங்கி, அந்த அழுத்தம் பின்னோக்கிச் சிறுநீரகத்தை நெரிக்கும். வாய்க்காலின் கடைமடை அடைத்துக்கொண்டால் தலைமடையில் எவ்வளவு திறந்துவிட்டும் பயனில்லையே, அது போல. ரத்த அழுத்தம் 120 காட்டும், சிறுநீர் மட்டும் வராது. அந்த நேரத்தில் இன்னும் ஒரு பாட்டில் சலைன் ஏற்றினால் நிலைமை மோசமாகும். நான் ஐ.சி.யு.வுக்குப் போனதும் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்ப்பேன், அடுத்து நோயாளியின் கழுத்துச் சிரையை. இளைய டாக்டர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் அப்பாவின் வயதும் சர்க்கரையும் ஏற்கெனவே அந்த விளிம்பை இன்னும் மெல்லியதாக்கியிருக்கும். ஆனால் 1.1-இல் தொடங்கியவர் என்பது அவருக்குச் சாதகம். இனி வரும் நாட்களில் அந்த எண் ஏறுவது நின்று ஓரிடத்தில் நிலைக்கிறதா என்று பாருங்கள். இறங்குவதற்கு முன் அது நிலைக்கும்.

கேள்வி: அறுவைக்கு முன் 1.2 இருந்த என் கணவரின் கிரியேட்டினின், ஆபரேஷன் முடிந்த அன்றிரவு 0.9 என்று வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் 1.5, அதற்கு மறுநாள் 2.1. ஒரே இரவில் என்ன நடந்தது?

பதில்: அந்த இரவில் புதிதாக எதுவும் நடக்கவில்லை, அம்மா. அடி விழுந்தது தியேட்டரில். 0.9 என்று வந்ததற்குக் காரணம், ஏற்றிய திரவத்தில் ரத்தம் நீர்த்ததுதான். மேலும் கிரியேட்டினின் தசைகளிலிருந்து மெதுவாகச் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் சட்டென்று பாதி வேலையை நிறுத்திவிட்டாலும் அது ரத்தத்தில் சேர்ந்து வெளியே தெரிய ஒன்று முதல் இரண்டு நாட்கள் ஆகும். ஆகவே முதல் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து மகிழ்வதும் வேண்டாம், மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து ‘இன்றுதான் கெட்டது’ என்று நினைப்பதும் வேண்டாம்.

முதலில் தகவல் தருவது சிறுநீரின் அளவு. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிலிட்டர் என்பது எல்லைக்கோடு. 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 35 மி.லி. அதற்குக் கீழே ஆறு மணி நேரம் தொடர்ந்தால், கிரியேட்டினின் என்னவாக இருந்தாலும் பாதிப்பு என்றே கணக்கு. மணிக்கு மணி அதை அளந்து சார்ட்டில் எழுதுகிற நர்ஸின் கையெழுத்தை நான் லேப் ரிப்போர்ட்டை விட அதிகம் நம்புகிறேன்.

இன்னும் சீக்கிரம் காட்டும் பரிசோதனைகளும் உண்டு. 2005-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், இதய அறுவை செய்த 71 குழந்தைகளைப் பார்த்தார்கள். பாதிப்பு வரப்போகிறவர்களுக்கு என்கேல் என்ற புரதம் இரண்டு மணி நேரத்திலேயே சிறுநீரில் எகிறியது. கிரியேட்டினின் அதைச் சொல்ல ஒன்றிலிருந்து மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்த வகைச் சோதனைகள் பல இடங்களில் வழக்கத்துக்கு வரவில்லை.

கேள்வி: நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி கழுவிக்கொண்டு சரியாகிவிடாதா?

பதில்: ஆகாது. இதய அறுவை முடிந்த முதல் வாரத்தில் இது ஆபத்தான யோசனை. வெளியேற முடியாத தண்ணீர் நுரையீரலில்தான் போய் நிற்கும். மருத்துவர் அளந்து சொன்னதை மட்டும் குடிக்கக் கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வால்வு மாற்றும் அறுவை ஆகி ஐந்து நாட்கள். சிறுநீர் மிகவும் குறைவு. ஒரு டாக்டர் டயாலிசிஸ் என்கிறார், இன்னொருவர் ‘பார்ப்போம்’ என்கிறார். உறவினர்களோ, ‘ஒருமுறை மிஷினில் போட்டால் காலம் முழுக்க மிஷின்தான்’ என்று பயமுறுத்துகிறார்கள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறேன்.

பதில்: உறவினர்கள் சொல்வது வேறு நோயின் கதை. பல ஆண்டுகளாகச் சுருங்கிப்போன சிறுநீரகத்துக்குச் செய்யும் டயாலிசிஸ் நிரந்தரம்தான். இங்கே சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, அதன் நுண்குழாய்ச் செல்கள் மீண்டும் முளைக்கக்கூடியவை. அவை முளைக்கும்வரை உடம்பைக் காப்பாற்றி வைப்பது மட்டும்தான் இயந்திரத்தின் வேலை.

டயாலிசிஸ் பிறந்ததே இந்த நோய்க்காகத்தான். நெதர்லாந்தில் காம்பன் என்ற ஊரில், ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த 1943-இல், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தைக் கட்டினார். முதலில் வந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1945-இல் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்போடு வந்த 67 வயதுப் பெண்மணி பிழைத்தார். அவர் சிறுநீரகம் மீண்டது, அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இதில் இன்னொரு சுவையான விஷயம்: தன் இயந்திரத்துக்குள் போன கருஞ்சிவப்பு ரத்தம் பளிச்சென்ற சிவப்பாகி வெளியே வருவதைக் கோல்ஃப் கவனித்தார். ஆக்சிஜன் ஏறுகிறது! பிற்பாடு அமெரிக்கா போய் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவியிலும் செயற்கை இதயத்திலும் இறங்கிவிட்டார். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பஞ்சாயத்து வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இரண்டு டாக்டர்களும் ஒத்துப்போகாததைக் கண்டு கலங்க வேண்டாம். எப்போது தொடங்குவது என்பதில் உலகமே நெடுநாள் சண்டை போட்டது. 2016-இல் ஒரு ஜெர்மன் மருத்துவமனை ஆய்வு சீக்கிரம் தொடங்குவதே நல்லது என்றது. பெரும்பாலும் இதய அறுவை நோயாளிகள் அவர்கள். அதே ஆண்டில் பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில், காத்திருந்த குழுவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு டயாலிசிஸ் தேவையே படவில்லை. பிறகு 2020-இல், 15 நாடுகளில் ஏறத்தாழ 3,000 ஐ.சி.யு. நோயாளிகளை வைத்து ஸ்டார்ட்-ஏகேஐ என்ற பெரிய ஆய்வு வந்தது. அவசரமாகத் தொடங்கியதால் உயிர்கள் கூடுதலாகக் காக்கப்படவில்லை. 90-ஆம் நாளில் உயிரோடிருந்தவர்களில் இன்னும் டயாலிசிஸில் இருந்தவர்கள் சீக்கிரம் தொடங்கிய குழுவில் 10.4 சதவீதம், பொறுத்திருந்த குழுவில் 6 சதவீதம். இது இதய அறுவைக்கு மட்டுமான கணக்கு அன்று, எல்லா வகை ஐ.சி.யு. நோயாளிகளும் இதில் உண்டு. ஆனாலும் ‘பார்ப்போம்’ என்று சொன்ன டாக்டர் சும்மா சொல்லவில்லை என்பது புரிகிறதா? பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் மூன்று மாதத்துக்குள் இயந்திரத்தை விட்டு வந்திருக்கிறார்கள் என்பதையும் உறவினர்களிடம் சொல்லுங்கள்.

ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க முடியாத நிலைமைகள் சில உண்டு. பொட்டாசியம் ஏறி மருந்துக்கு அடங்கவில்லை, ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது, மருந்து கொடுத்தும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது, கழிவு சேர்ந்து நினைவு தடுமாறுகிறது. இவற்றில் ஒன்று வந்தால் நான் காத்திருக்க மாட்டேன். இதய அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் நீர் கோத்தல்தான் எங்களை அவசரப்படுத்தும். கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இப்போது இவற்றில் எதற்காகத் தொடங்குகிறீர்கள்?’ தெளிவான பதில் வந்தால் போடுங்கள்.

மணிக்கணக்கில் மெதுவாக ஓடும் இயந்திரத்தை உபயோகித்தால் திகைக்காதீர்கள். வழக்கமான நான்கு மணி நேர டயாலிசிஸில் நீரை வேகமாக எடுப்பதால் ரத்த அழுத்தம் சரியும். அறுவை ஆன இதயம் அதைத் தாங்காது. அதனால் 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். நாள் முழுக்க ஓடுகிறதே, அப்படியானால் நிலைமை மிக மோசமோ என்று பலர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். இதயத்தை நோகடிக்காமல் இருப்பதற்காகத்தான் அப்படி.

ஒன்றை மறைக்கக் கூடாது. டயாலிசிஸ் வரை போனவர்களின் உயிராபத்து போகாதவர்களை விடப் பல மடங்கு அதிகம். இயந்திரம் அதற்குக் காரணமில்லை. அந்த அளவுக்கு உடம்பு அடிபட்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. அம்மாவின் இதயம், நுரையீரல், தொற்று மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தினமும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: இயந்திரம்தான் வில்லன் என்றால், இயந்திரமே இல்லாமல் துடிக்கும் இதயத்தில் பைபாஸ் செய்கிறார்களே, அதைக் கேட்டு வாங்கினால் கிட்னி தப்பிக்குமா?

பதில்: தப்பிக்க வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்த்தோம். கரோனரி என்ற ஆய்வில் 4,752 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். அவர்களில் 2,932 பேரின் சிறுநீரகக் கணக்கு 2014-இல் வெளிவந்தது. திடீர்ப் பாதிப்பு இயந்திரம் இல்லாத குழுவில் 17.5 சதவீதம், இயந்திரக் குழுவில் 20.8. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், சிறுநீரகச் செயல் குறைந்தவர்கள் முறையே 17.1, 15.3 சதவீதம். அந்த லாபம் ஓராண்டுவரை தங்கவில்லை. எனவே இதை நீங்கள் வற்புறுத்தாதீர்கள். உங்கள் சர்ஜனுக்கு எதில் கை தேர்ந்திருக்கிறதோ அதில் செய்யட்டும்.

இயந்திரத்தையும் வில்லனாக்க வேண்டாம். 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் அதை வைத்து 18 வயதுப் பெண்ணின் இதயத்துக்குள் இருந்த ஓட்டையை மூடினார். 26 நிமிடங்கள் அந்தப் பெண்ணின் இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டியதை இயந்திரம் செய்தது. அது இல்லையென்றால் இந்தக் கடிதங்களை எழுதியவர்களில் பலர் வேறு கடிதம் எழுதியிருப்பார்கள்.

கேள்வி: வணக்கம். வயது 61. எனக்கு அடுத்த மாதம் வால்வு அறுவை. கிரியேட்டினின் ஏற்கெனவே 1.8. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள், மூட்டு வலிக்கு அவ்வப்போது வலி மாத்திரை. கிட்னியைக் காக்க முன்கூட்டியே ஏதாவது மருந்து உண்டா?

பதில்: ஐயா, நீங்கள் முன்பே கேட்டதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. பெரும்பாலும் எனக்கு அழைப்பு வருவது எல்லாம் முடிந்தபின்தான்.

மருந்து உண்டா என்றால், வரிசையாகத் தோற்றவை பல. டோபமின் என்ற மருந்து குறைந்த அளவில் சிறுநீரகத்தைக் காக்கும் என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் நம்பினோம். 2000-இல் வந்த ஆஸ்திரேலிய-நியூசிலாந்து ஆய்வு இல்லை என்று முடித்துவைத்தது. சிறுநீர் பெருக்கும் ஃபுரோசமைட், தேங்கிய நீரை எடுக்கும், பாதிப்பைத் தடுக்காது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை அறுவைக்காகவே புதிதாகத் தொடங்கிப் பார்த்தார்கள். 2016-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் பயனில்லை என்றன. ஏற்கெனவே சாப்பிடுபவர் அதை நிறுத்த வேண்டியதில்லை. அசிடைல்சிஸ்டைன், சோடா உப்புக் கரைசல் இரண்டும் அதே கதைதான்.

நம்பிக்கை தருகிற ஒன்று 2024-இல் வந்தது. 3,511 நோயாளிகளுக்கு அறுவையிலிருந்து மூன்று நாட்கள் வரை அமினோ அமிலங்களைச் சிரை வழியே ஏற்றிப் பார்த்தார்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டும் என்பது பழைய உண்மை. பாதிப்பு 31.7 சதவீதத்திலிருந்து 26.9-ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான், மந்திரமில்லை. உங்கள் மயக்க மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வரும் வழியில் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கிவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உண்மையில் வேலை செய்வது சுவாரசியமே இல்லாத கவனிப்பு. 2017-இல் ஜெர்மனியில் 276 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அறுவை முடிந்ததும் சிறுநீரில் ஆபத்துக் குறியீடு உயர்ந்தவர்களுக்கு ரத்த ஓட்டத்தையும் திரவத்தையும் அளந்து பார்த்து நடத்துவது, சர்க்கரையை ஏறவிடாமல் இருப்பது, சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தைத் தவிர்ப்பது என்று எல்லாப் புத்தகத்திலும் இருப்பதை ஒழுங்காகச் செய்தார்கள். அவ்வளவுதான். பாதிப்பு 71.7 சதவீதத்திலிருந்து 55.1-க்கு இறங்கியது. ஒரு புது மருந்து இதைச் சாதித்திருந்தால் விளம்பரம் எங்கும் பறந்திருக்கும்!

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியவை. மூட்டு வலி மாத்திரையை இன்றோடு விடுங்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை எதுவும் வேண்டாம், வலிக்கு என்ன என்று மருத்துவர் சொல்வார். இந்தப் பதிலில் இது ஒன்றைத்தான் கேட்காமலேயே நிறுத்தச் சொல்கிறேன். வேர், சூரணம், பெயரில்லாத பொடி என்று ஏதாவது இருந்தால் அதையும் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிவது இருந்தால், பொதுவாக அறுவைக்கு மூன்று நாட்கள் முன்பே நிறுத்துவோம். எர்ட்டுகிளிஃப்ளோசினுக்கு நான்கு நாட்கள். இல்லையென்றால் ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே கீட்டோ அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. மெட்ஃபார்மினையும் நிறுத்தச் சொல்வார்கள். ரத்த அழுத்த மாத்திரை ‘பிரில்’ அல்லது ‘சார்டான்’ என்று முடிந்தால், அன்று காலை போடுவதா வேண்டாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. மற்ற இதய மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஆஞ்சியோகிராம் எப்போது எடுத்தார்கள்? அதில் செலுத்தும் சாயமும் சிறுநீரகத்துக்கு ஒரு சுமை. அவசரமில்லாத அறுவை என்றால் இரண்டுக்கும் இடையே சில நாட்கள் விட்டு, கிரியேட்டினினை மறுபடி பார்த்துவிட்டுப் போவது நல்லது. ரத்தசோகை இருந்தால் இந்த ஒரு மாதத்தில் சரிசெய்யலாம். நீர்க்கப்போகிற ரத்தம் முதலிலேயே மெலிந்திருக்க வேண்டாமே. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்ற பரிசோதனையையும் செய்துவிடுங்கள். 1.8 என்ற எண் சொல்லாததை அது சொல்லும். இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி, முதல் முறையாக உங்களைப் பார்க்கும் மயக்க மருத்துவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: பிறந்து நான்கு மாதமான எங்கள் குழந்தைக்கு இதய அறுவை. இப்போது வயிற்றில் ஒரு குழாய் வைத்து ஏதோ திரவம் விட்டு எடுக்கிறார்கள். இதயத்துக்கும் வயிற்றுக்கும் என்ன?

பதில்: அதுவும் டயாலிசிஸ்தான். வயிற்றின் உள்சவ்வே வடிகட்டியாக வேலை செய்கிறது. திரவத்தை உள்ளே விட்டு, சிறிது நேரம் வைத்து, கழிவோடும் கூடுதல் நீரோடும் வெளியே எடுப்பார்கள். ஐந்து கிலோக் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 400 மி.லி. அதில் கணிசமான பங்கை வெளியே எடுத்து ஓர் இயந்திரத்தின் குழாய்களில் நிரப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். வயிற்று வழியில் ரத்தம் உடம்பை விட்டு வெளியே வருவதே இல்லை, ரத்த அழுத்தமும் சட்டென்று சரியாது. பச்சிளம் குழந்தைகளுக்குச் சில மையங்களில் அறுவை முடியும்போதே முன்னெச்சரிக்கையாகக் குழாயை வைத்துவிடுவதும் உண்டு. வெளியே வரும் திரவம் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா என்று நர்ஸ் பார்ப்பார். நீங்களும் கேளுங்கள், கலங்கல் தொற்றின் அறிகுறி.

கேள்வி: எனக்கு அறுவைக்குப் பின் கிரியேட்டினின் 3.1 வரை ஏறி, டயாலிசிஸ் இல்லாமலே இறங்கி, வீட்டுக்கு வரும்போது 1.0. முன்பு இருந்ததை விடவே குறைவு! எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பாதி எடுத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது என்று மேலே சொன்னேன். பல நாட்கள் படுக்கையில் இருந்தவரின் தசை கரைந்திருக்கும், அதனால் எண் பொய்யாகவே குறைந்து காட்டும். முன்பை விட நல்ல சிறுநீரகத்தோடு யாரும் ஐ.சி.யு.விலிருந்து திரும்புவதில்லை. சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, அது தசையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீர் அல்புமினும் பார்க்க வேண்டும் என்பது கேடிகோ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இதய மருத்துவரிடம் எக்கோவுக்குத் தவறாமல் போகிறவர்கள் இதற்கு மட்டும் வருவதில்லை. டிஸ்சார்ஜ் தாளில் ‘சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது’ என்று ஒரு வரிகூட இல்லாத ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. உங்கள் தாளில் இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். ஒருமுறை இப்படி அடிபட்டவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், எண் முழுக்க இறங்கியிருந்தாலும்கூட. இன்னொன்று, மருத்துவமனையில் நிறுத்திவைத்த ‘பிரில்’, ‘சார்டான்’ மாத்திரைகளை எப்போது மறுபடி தொடங்குவது என்று யாரும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். இதயத்துக்கு அவை தேவை, கேட்டுத் தொடங்குங்கள். தொடங்கி ஓரிரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். சோடியம் இல்லாத மாற்று உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள்.

கேள்வி: பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த என் மாமனார், ஐ.சி.யு.வில் பார்த்த பழக்கத்தில், ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளந்து நோட்டில் எழுதுகிறார். 20 மி.லி. குறைந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. இது தேவையா?

பதில்: மணிக்கு மணி அளக்கும் காலம் முடிந்துவிட்டது. அவருடைய டாக்டர் தனியாகச் சொல்லியிருந்தால் தவிர, நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஆர்வத்தை எடை பார்க்கும் கருவியின் பக்கம் திருப்புங்கள்: தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே மாதிரி உடையில் ஒருமுறை எடை. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், உடனே அவருடைய மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நாள் முழுக்கச் சிறுநீரே வரவில்லை, அல்லது விடாத வாந்தி பேதி என்றாலும் அப்படித்தான். நோட்டை மூடச் சொன்னால் கோபித்துக்கொள்வார். எடையை அதிலேயே எழுதட்டும்.